எட்டுப் பேர் ஓடினால் பந்தயம்

மேலோடைப்பட்டியில் ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஓடாமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் ஓடாமைக்குத்தான் வயது அதிகம். ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டின் நடுவில், நாற்பத்திரண்டு அறைகளும், அறைக்கு நான்கு வாசல்களும், அறைகளுக்கிடையே வேப்பமரங்களுமாகப் பயராபீஸ் வந்த நாளிலிருந்து (பட்டாசு ஆலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், நெருப்பு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைப்போல) உள்ளே யாரும் ஓடக்கூடாது, காலைத் தேய்த்து நடக்கக்கூடாது, எதையும் தரையில் இழுக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் முதலில் ஆலை வாசலில் பலகையாக நின்றது. பிறகு சம்பளம் வாங்கியவர்களோடு சாயங்காலம் ஊருக்குள் நடந்து வந்தது. சில வருடங்களில் அது அடுப்படியிலும் தொட்டிலடியிலும் குடியேறி, தவழும் பிள்ளையிடம் சொல்லப்படும் முதல் சொல் “மெல்ல” என்றாகிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க அங்கே யாரும் ஓடுவதில்லை. டிரைவருக்கு அது தெரியும், காத்திருப்பார். நாய்கள் துரத்துவதையே விட்டுவிட்டன என்று சொன்னால் அது மிகை, ஆனால் துரத்தப்படுகிறவர் நடந்தே போனதால் நாய்களுக்கு அந்தத் தொழிலில் சுவை குறைந்துபோனது உண்மை.

ஓடாமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த ஊரில் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான். ஆகவே ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள், யாரும் யாரையும் எதற்கென்று கேட்கமாட்டார்கள், ஓடுகிறவர் எந்தத் திசையில் ஓடுகிறாரோ அந்தத் திசையில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். “ஏன்” என்று நின்று கேட்டவர்கள் அங்கே அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. அதனால் அந்தப் பழக்கம் வாரிசின்றி அற்றுப்போனது என்றும் சொல்லலாம்.

அந்த ஊரில்தான் குருவம்மா, தனது பன்னிரண்டாம் வயதில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு வகுப்பில் எழுந்து நின்று, வலது கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, ஓடினாள். பிள்ளைகள் அவள் பின்னால் ஓடினார்கள். பிள்ளைகள் ஓடியதால் ஊருக்கு வந்து நான்கே நாளான கணக்கு டீச்சரும் சாக்பீஸோடு ஓடினார். ரேஷன் கடை வரிசை கலைந்து ஓடியது. பள்ளிக்கூடத்தின் ஓட்டத்தைப் பயராபீஸின் வாசல்கள் பார்த்தன, நாற்பத்திரண்டு அறைகளும் நூற்றறுபத்தெட்டு வாசல்களின் வழியாக வெளியே கொட்டின. இருந்தவர் எல்லோரும் மேற்கே ஊருணிக் கரையில் ஏறி நின்று மூச்சு வாங்கினார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது: யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

குருவம்மாவின் அம்மா வெள்ளைத்தாய், ஒன்பதாம் நம்பர் அறையில் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிறவள், முழங்கை வரை வெள்ளிப்பூச்சு பூசியதுபோல அலுமினியத் தூளோடு வந்து நின்று, ஊரில் பல காலம் கேட்கப்படாத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எதுக்குடி ஓடுனோம்?”

அவள் கேட்டு முடித்த இடத்தில் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதாம் அறைகள் வானத்துக்குப் போயின.

“இதேதாம்மா,” என்றாள் குருவம்மா, காதைப் பொத்திக்கொண்டு. “இதே சத்தந்தான். நான் இத அப்பவே கேட்டுட்டேன்.”

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் மருத்துவரை அழைத்திருப்பார்கள், அல்லது நிருபரை, அல்லது சாமியாடியை. மேலோடைப்பட்டிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது என்பதை, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது என்பதைப்போல ஏற்றுக்கொண்டு, அந்தப் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்ற விவாதத்தில் ஊர் இறங்கியது. ஆலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி அவளுடைய பெஞ்சு ஜன்னலோரம் நகர்த்தப்பட்டது. கண்பார்வை குறைந்த மூன்று பேருக்காக அவளுக்கு மஞ்சள் நிறத்தில் இரண்டு பாவாடைகள் தைக்கப்பட்டன. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், எச்சரிக்கை மணி எங்கே என்று கேட்டு, அவளைக் காட்டியதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எச்சரிக்கை ஏற்பாடு: உண்டு” என்று எழுதிக்கொண்டு போனார். அம்மன் கோவில் பூசாரிக்கு மட்டும் இரண்டு நாள் கவலை இருந்தது. பிள்ளை குறி சொல்வதில்லை, வெறுமனே ஓடுகிறது என்று தெரிந்ததும் அவர் தெளிந்தார்.

பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவளுடைய வலது கால் கட்டைவிரலைப் பார்த்துப் பேசப் பழகினார்கள். விரல் மண்ணில் ஊன்றினால் சத்தம் கேட்டுவிட்டது என்று பொருள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையன்று ஊரோடு சேர்ந்து ஓடியவர்களில் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் ஜெயசிங்கும் ஒருவர். நாசரேத்துக்காரர். உயிருக்குப் பயந்து ஓடும்போதும் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பழக்கதோஷத்தில் அமுக்கியிருந்தார். பின்னர் நிதானமாக ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டுபோய் அளந்தார். கணக்கிட்டார். மறுபடி அளந்தார். பிறகு வெள்ளைத்தாயின் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “அம்மா, ஒங்க பிள்ள நூறு மீட்டர பதின்மூணு புள்ளி ஒன்பதுல ஓடிருக்கா. வெறுங்கால்ல. பாவாடையோட,” என்றார்.

“அது பெரிய குத்தமா சார்?” என்றாள் வெள்ளைத்தாய்.

ஓடக்கூடாத ஊரில் ஓட்டப் பயிற்சி எப்படி நடந்தது என்பது தனிக் கதை. முதல் வாரத்தில் குருவம்மா பயிற்சிக்காக ஓடிய ஐந்து முறையும் ஊர் முழுக்க ஊருணிக் கரையில் ஏறியது. ஐந்தாவது முறை, தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை ஒருவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடிவந்து கரையில் நின்றார், மணப்பெண் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். பிறகு ஒரு விதி ஏற்பட்டது. ஜெயசிங் மாஸ்டர் விசில் ஊதினால் அது வெறும் ஓட்டம். விசில் இல்லாமல் ஓடினால் அது ஊருக்கான ஓட்டம். இந்த விதியை ஆலையின் போர்மேன் சீனிப்பாண்டி வாட்ச்மேன் அறைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவைத்தார்.

அடுத்த சிக்கல் துப்பாக்கி. தொடக்கத் துப்பாக்கி ஒலித்துப் பத்தில் ஒரு பங்கு விநாடி ஆவதற்குள் ஒருவர் கிளம்பிவிட்டால், அவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்பது தடகள விதி. மனிதக் காதுக்கும் மனிதக் காலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தே தீரும் என்று நிபுணர்கள் முடிவுகட்டியிருக்கிறார்கள். குருவம்மாவோ, மாவட்டப் போட்டியில், துப்பாக்கி இன்னும் அதன் பெட்டிக்குள் இருக்கும்போதே ஓடினாள். நடுவர்களின் படிவத்தில் அதற்கான கட்டமே இல்லை. மூன்று போட்டிகளில் அவளை மூன்று விதமான காரணம் எழுதி வெளியே அனுப்பினார்கள்.

ஜெயசிங் மாஸ்டர் ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். “இங்க பாரு பிள்ள. காத நம்பாத. வெடிச் சத்தம் கேட்டா அசையாத, செத்த பிணம் மாதிரி கெட. பக்கத்துப் பாதைக்காரியோட குதிகாலப் பாரு. அது எந்திரிச்சா நீயும் எந்திரி.”

சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று பிறந்த பிள்ளைக்கு, சத்தம் கேட்டால் அசையக்கூடாது என்று கற்றுக்கொடுக்க ஒன்றரை வருடம் ஆனது. கடைசியில் கட்டைவிரல் மட்டும் ஊன்றும், மற்ற உடம்பு கல்லாகக் கிடக்கும் என்ற நிலைக்கு அவள் வந்தாள். எட்டுப் பேரில் எட்டாவதாகக் கிளம்பி முதலாவதாக முடிப்பவள் என்று மதுரையிலும் சென்னையிலும் அவளைப் பற்றிப் பேசினார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் ஊருக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் ஜெயசிங் மாஸ்டர் ஒன்றைக் கவனித்தார், கவனித்ததை யாரிடமும் சொல்லாமல் சில மாதம் வைத்திருந்தார். குருவம்மாவின் ஓட்ட நேரம் எவ்வளவு குறைந்ததோ, சத்தம் அவ்வளவு முன்னால் தள்ளி வந்தது. பதின்மூன்று புள்ளி ஒன்பதில் அவள் ஓடியபோது, ஊர் கரையேறி, மூச்சு வாங்கி, ஒருத்தி ஒரு கேள்வி கேட்டு முடிக்கும் நேரம் இருந்தது. பன்னிரண்டு புள்ளி நான்குக்கு வந்த வருடம், ஒரு சனிக்கிழமை அவள் விசிலில்லாமல் ஓட, ஊர் பின்னால் ஓடிக் கரையேறியது, நின்றது, ஒன்றும் நடக்கவில்லை, மேலும் நின்றது, ஒன்றும் நடக்கவில்லை.

“பிள்ளைக்கு இன்னைக்கு வயித்து வலி போல,” என்று சொல்லிக்கொண்டு அய்யம்மாளும் அவள் தம்பி கருப்பசாமியும் பாதியில் விட்டுவந்த வேலையை முடிக்கத் திரும்பி உள்ளே நடந்தார்கள். நடந்தார்கள்தான், ஓடவில்லை, சட்டத்தை மீறாதவர்கள். ஒரு படி பால் பொங்கும் நேரம் கழித்து முப்பதாம் அறை வெடித்தது.

முன்கூட்டி வரும் எச்சரிக்கை நல்லது, மிகவும் முன்கூட்டி வரும் எச்சரிக்கை ஆளைக் கொல்லும் என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது. அதுவரை மேலோடைப்பட்டிக்குத் தெரிந்த பயம் சத்தத்துக்குப் பின்னால் வருவது: உடம்பு நடுங்கும், அழுகை வரும், பிறகு அடங்கும். இப்போது வந்தது சத்தத்துக்கு முன்னால் வரும் பயம். அதற்கு அடங்கத் தெரியாது. ஜெயசிங் மாஸ்டர் தான் கவனித்து மறைத்ததை ஒத்துக்கொண்டு சொல்ல, சீனிப்பாண்டி வாட்ச்மேன் அறைச் சுவரில் விசில் விதிக்குக் கீழே ஓர் அட்டவணை எழுதினார். பதின்மூன்று ஒன்பது: ஒரு கேள்வி. பன்னிரண்டு நான்கு: ஒரு பால்.

அவளை விளையாட்டு விடுதிக்கு அனுப்பலாமா என்று ஊர் கூடியபோது சத்தம் அதிகமாக இருந்தது.

“அங்க போனா இன்னும் வேகமாயிருவா. பெறகு போன வருச வெடிக்கு அடுத்த வருசம் ஓடுவா,” என்றார் சீனிப்பாண்டி, வாக்கியம் தலைகீழாக வந்ததைப் பொருட்படுத்தாமல்.

“இங்கனயே கெடந்தா மட்டும்? எம்மக கழுத்துல மணியக் கட்டி வேப்பமரத்துல கட்டிப்போடுவீகளா?” என்றாள் வெள்ளைத்தாய். அவளுக்கு அப்போது வலது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. இருபது வருடம் சம்மணமிட்டு மருந்து செலுத்தியதற்கு உடம்பு கொடுத்த சான்றிதழ் அது. காலை நீட்டிக்கொண்டே உட்கார்ந்து, காலை இழுத்துக்கொண்டே நடந்தாள், ஆலைக்குள் மட்டும் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்தாள். “அவ ஓடட்டும். எங்க இருந்தாலும் கேக்கும்ல? கேட்டா போன் போடட்டும்.”

குருவம்மா போனாள். பன்னிரண்டைத் தாண்டிக் கீழே வந்தாள். கொழும்பில் வெள்ளி வாங்கினாள், தாய்லாந்தில் தங்கம் வாங்கினாள், போலந்தில் பனியில் நடுங்கி ஐந்தாவதாக வந்தாள். பதினொன்று புள்ளி ஏழில் இருந்தபோது ஒரு காலையில் வாட்ச்மேன் அறைக்குப் போன் வந்தது, ஊர் கரையேறியது, ஒரு முழு ஷிப்ட் கரையிலேயே உட்கார்ந்து, அங்கேயே சோறு தின்று, அங்கேயே பேன் பார்த்து, சாயங்காலம் நாலாம் அறை வெடித்ததும் எழுந்து துணியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. சுவரில் மூன்றாவது வரி ஏறியது: ஒரு ஷிப்ட்.

வெளிநாட்டில் அவளை ஓட்டத்துக்கு முன்பு பேட்டி கண்டவர்கள், துப்பாக்கி ஒலிக்கும் கணத்தில் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டால், “அத நான் காலைல பல் விளக்கும்போதே கேட்டுட்டேன்,” என்பாள். அவர்கள் அதை மனத்தயாரிப்பு என்று எழுதினார்கள். உண்மையில் பந்தயக் கோட்டில் அவளுக்கு எந்தச் சத்தமும் இல்லை. புகை தெரியும், பக்கத்துக் குதிகால் எழும், இவள் எழுவாள். ஊரில் வெடிக்கும் அறைக்கும் மைதானத்தில் வெடிக்கும் துப்பாக்கிக்கும் அவளால் கண்ணை மூடிக்கொண்டு வேறுபாடு சொல்ல முடியும். துப்பாக்கி இருமல், அறை பெருமூச்சு. ஒவ்வொரு நாள் காலையும் பல் விளக்கும்போது அவள் பயந்தது பெருமூச்சுக்குத்தான். இரவானால் அம்மாவுக்குப் போன் செய்வாள்.

“எந்த ரூம்புல வேல பாக்க?”

“அதே ஒம்பதுதான். வேற எங்க போவேன்?”

“வாசல்ல செருப்பு, வாளி எதுவும் கெடக்கா?”

“வெறும் வாசல்தான் பிள்ள. தூங்கு.”

வளைகுடா நாடு ஒன்றில் நடந்த ஆசியப் போட்டியின் அரையிறுதியில் அவள் பதினொன்று புள்ளி ஒன்றில் ஓடினாள். ஊர் அதைக் கொண்டாடுவதா, சுவரைப் போய்ப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது. சுவரில் பதினொன்று ஒன்றுக்கு வரி இல்லை.

மறுநாள் இறுதிப் போட்டி. தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்ததால் ஆலைக்கு விடுமுறை விட மனமில்லாத மானேஜர், வாசலருகே ஒரு டிவியை வைத்து, முறை வைத்து வந்து பார்க்கலாம் என்றார். திரையில் எட்டுப் பெண்கள் குனிந்தார்கள். மைதானம் அடங்கியது. அந்த அமைதியில், எந்தச் சத்தமும் இருக்கக்கூடாத இடத்தில், குருவம்மாவுக்குப் பெருமூச்சு கேட்டது. அலுமினியத் தூள் கலந்த மருந்து, செலுத்துகிற அறை, அம்மாவின் கையில் பூசியிருக்கும் அதே வெள்ளி. அசையாதே என்று ஒன்றரை வருடம் கற்ற உடம்பு ஒரு கணம் கல்லாகக் கிடந்தது. பிறகு ஓடினாள்.

“ஃபால்ஸ் ஸ்டார்ட்!” என்று ஜெயசிங் மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

“எட்டுப் பேர் ஓடுனா பந்தயம், சார்வாள்,” என்றார் சீனிப்பாண்டி எழுந்து. “ஒருத்தி ஓடுனா நமக்கு.” சொல்லிவிட்டு ஓடினார். டிவியின் முன்னால் இருந்தவர்கள் ஓட, அவர்களைப் பார்த்து அறைகள் ஓட, ஊர் கரையேறியபோது, யாருமில்லாத வாசலில் அந்த டிவி மட்டும், திரும்ப அழைக்கும் துப்பாக்கிக்கும் நிற்காமல் நூறு மீட்டரையும் தனியாக ஓடி முடித்து, சிவப்பு அட்டை காட்ட வந்தவரையும் தாண்டி ஓடி, போனை நோக்கிப் போகும் ஒரு பெண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, வெளிய இருக்கியா?”

“கரையில நிக்கேன். எப்ப வெடிக்கும்?”

“தெரியலம்மா.”

அன்றைக்கு வெடிக்கவில்லை. மறுநாளும் வெடிக்கவில்லை. ஊர் கரையில் சமைத்தது, கரையில் தூங்கியது, கரையில் ஒரு குழந்தையைப் பெற்றது. ஒன்பதாம் அறையைக் கழுவினார்கள், பூட்டினார்கள், பூட்டின் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்; ஆனால் மருந்து செலுத்தும் வேலை பத்தாம் அறைக்கு நகர்ந்தது, அவள் கேட்ட சத்தத்தில் அறை நம்பர் இல்லை. எட்டாம் நாள் சிலர் உள்ளே போனார்கள். பத்தாம் நாள் எல்லோரும் போனார்கள். பயத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பத்தாம் அறைக்கு மட்டும் ஆள் வரவில்லை.

“நான் போறேன்,” என்றாள் வெள்ளைத்தாய். “எம்மக கேட்ட சத்தம். வேற ஒருத்தி பிள்ளைய அங்க உக்கார வச்சிட்டு நான் எப்படிச் சோறு திங்க?”

குருவம்மா ஊருக்கு வந்து இறங்கியபோது மாலையில்லை, மேளமில்லை, கூட்டம் மட்டும் இருந்தது. எல்லோரும் அவள் வலது காலைப் பார்த்தார்கள். அவள் நேராக வாட்ச்மேன் அறைச் சுவருக்குப் போய், அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் படித்தாள்.

“மாஸ்டர், நான் திரும்ப பதின்மூணு ஒன்பதுக்கு வந்துட்டா, அதே சத்தம் எனக்கு இன்னொரு தரம் கேக்கும்ல? வெடிக்கிறதுக்கு ஒரு கேள்வி முன்னால?”

ஜெயசிங் மாஸ்டர் சுவரைப் பார்த்தார். உலகத்தில் எந்தப் பயிற்சியாளரிடமும் எந்த வீராங்கனையும் கேட்காத உதவி அது. “கேக்கும்,” என்றார். “அதுக்குள்ள வெடிக்கலன்னா.”

அப்படியாக, தடகள வரலாற்றில் இடம்பெறாத அந்தப் பயிற்சி ஆரம்பித்தது. ஆலை வாசலிலிருந்து ஊருணிக் கரை வரை சரியாக நூறு மீட்டர்; மாஸ்டர் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஏமாற்றி மெதுவாக ஓடினால் பயனில்லை, உயிரைக் கொடுத்து ஓடியும் மெதுவாக ஓட வேண்டும். வீட்டுக்கு வீடு சோறு வந்தது. காலையில் நெய்யில் மிதக்கும் பொங்கல், மதியம் ஆட்டுக்கறி, நடுவில் கருப்பட்டி மிட்டாய், சாயங்காலம் சேவு. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும், படுத்திருப்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவர் நியமிக்கப்பட்டார். தினமும் ஷிப்டுக்கு முன்னால் ஊர் வாசலில் கூடும். விசில். ஓட்டம். மாஸ்டர் நேரத்தைச் சொல்வார்.

“பதினொண்ணு ஒன்பது.”

“ஏ, இன்னும் ரெண்டு உருண்ட தின்னுருக்கலாம்ல!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்.

“பன்னெண்டு எட்டு.”

கைதட்டல். சில பெண்கள் குலவை போடுவார்கள். குருவம்மா கரையில் குனிந்து மூச்சு வாங்குவாள், சிரிப்பாள், பிறகு மாஸ்டரைப் பார்ப்பாள், இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஏழு வருடம் விநாடியின் தூசியைத் தட்டித் தட்டிச் சேர்த்த இரண்டு பேர் அதை இப்போது கை நிறைய அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே நடந்துபோவதைக் குருவம்மா பத்தாம் அறை வாசல் வரை கண்ணால் கொண்டுபோய் விடுவாள். வேப்பிலை விழுந்தால் நடுங்கினாள். யாராவது தும்மினால் நடுங்கினாள். வயிற்றுக்குள் அவ்வளவு நெய் போயும் பயம் அதில் வழுக்கவில்லை.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில் நேரம் பதின்மூன்று எட்டு ஆனது. மறுநாள் காலை மானேஜர் கூட்டம் கூடக்கூடாது என்றார். சரக்கு லாரி காத்திருந்தது. எல்லோரும் ஐந்தரைக்கே உள்ளே போய்விட்டார்கள். வாசலில் மாஸ்டர், வாட்ச்மேன், சுண்ணாம்புக் கோட்டில் குருவம்மா. மாஸ்டர் விசிலை வாயருகே கொண்டுபோனார்.

பெருமூச்சு கேட்டது. அதே பெருமூச்சு.

அவள் ஆலைக்குள் திரும்பினாள். அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பத்தாம் அறை அந்தப் பக்கம்தான் இருந்தது. இரண்டு எட்டு உள்ளே வைத்தாள். அப்போது பார்த்தாள்: அறை வாசல்களில் பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள், விசில் இல்லாமல் ஓடும் அவளை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பார்த்தவர்கள் கேள்வி கேட்காமல், பழக்கத்தின்படி, அவள் ஓடும் திசையில், உள்ளே, பத்தாம் அறையை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்கள். லாரியில் ஏறப்போன டிரைவர்கூட உள்ளே ஓடிவந்தார். அவள் அம்மாவை எடுக்கப் போனால் ஊர் முழுக்க அவளோடு வந்து பத்தாம் அறையைச் சுற்றி நிற்கும்.

குருவம்மா திரும்பினாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டினாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஊருணிக் கரையைப் பார்த்து ஓடினாள்.

அவள் ஓடிய ஓட்டங்களிலேயே அதுதான் நீளம். திரும்பிப் பார்க்க முடியாது. முதுகு திரும்பினால் ஊர் தயங்கும். பக்கத்தில் பார்ப்பதற்குக் குதிகாலும் இல்லை. பின்னால் நானூறு வெறுங்கால்கள் புழுதியை அடித்துக்கொண்டு வந்தன, அந்த நானூறில் ஒரு காலைத் தேடினாள், மடங்காத ஒரு காலை, தரையில் இழுபடும் ஒரு காலை, இனி இழுக்கலாம், இனி எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், தேய் அம்மா, தேய்த்துக்கொண்டு வா என்று காதைப் பின்னால் விட்டு ஓடினாள், அந்தக் கால் கேட்கவில்லை, கரை ஏறினாள், கேட்கவில்லை, ஊர் வந்து அவளைச் சுற்றி மோதி நின்றது, மூச்சு வாங்கியது, அப்போதும் அவள் கிழக்கே திரும்பவில்லை, தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீரில் ஊரின் தலைகள் தெரிந்தன. ஒவ்வொன்றாக எண்ணினாள். தண்ணீர் அசைந்ததால் கணக்கு கலைந்துபோனது.

சரக், என்றது பின்னால். சரக். சரக்.

வெள்ளி பூசிய கை ஒன்று அவள் தோளில் விழுந்தது.

“எதுக்குடி ஓடுனோம்?” என்றாள் வெள்ளைத்தாய், மூச்சு இரைக்க, அந்தப் பழைய கேள்வியை வேண்டுமென்றே கேட்டுச் சிரித்துக்கொண்டு.

பத்தாம் அறையும் ஒன்பதாம் அறையும் அதன் பூட்டும் எலுமிச்சம்பழமும் வானத்துக்குப் போயின.

புகை அடங்க வெகுநேரம் ஆனது. தலைகளை எண்ணினார்கள், சரியாக இருந்தது, மறுபடி எண்ணினார்கள். யாரோ ஒருத்தி குலவை போட்டாள், யாரோ ஒருவர் உட்கார்ந்து அழுதார், லாரி டிரைவர் தனக்கு இந்த ஊர்ச் சரக்கே வேண்டாம் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். சீனிப்பாண்டி ஜெயசிங் மாஸ்டரிடம் வந்தார்.

“சார்வாள், பழக்கதோஷத்துல அமுக்கிருப்பீகளே. எம்புட்டு?”

மாஸ்டர் அமுக்கித்தான் இருந்தார். கையைக் கொஞ்சம் திறந்து பார்த்தார். அவ்வளவு நெய்யையும் ஆட்டுக்கறியையும் சுமந்துகொண்டு ஓடிய ஓட்டத்துக்கு அதில் இருந்த எண், அவர் வாழ்நாளில் எந்தப் பெண்ணுக்கும் பார்த்திராத எண். சுவரில் அதற்கு வரியில்லை, அந்த வரியை எழுதச் சுவரில் இடமும் இல்லை. கையை மூடிக்கொண்டார்.

“நின்னுபோச்சு,” என்றார். “பழைய வாட்ச்.”

அந்த நேரத்தில்தான் கரையில் நின்ற குருவம்மாவுக்கு ஒரு பெருமூச்சு கேட்டது. இந்தப் பெருமூச்சு வேறு. வெகு தூரத்திலிருந்து, ஒரு மாதத்துக்கு அப்பாலிருந்தோ ஒரு வருடத்துக்கு அப்பாலிருந்தோ, இதுவரை கேட்ட எல்லாவற்றையும்விடப் பெரிதாக வந்தது. அவள் அசையவில்லை. முகம் மாறவில்லை. செத்த பிணம் மாதிரிக் கிட என்று கற்றுக்கொண்டது வீணாகவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது, குழந்தைகளுக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது.

வலது கால் கட்டைவிரல் மட்டும் ஈர மண்ணில் ஊன்றியிருந்தது.

வெள்ளைத்தாய் அதைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மடங்காத தன் காலை மெல்லத் தூக்கி, இழுக்காமல், தேய்க்காமல், யாரும் பார்ப்பதற்கு முன்னால், அந்த விரலின்மேல் வைத்து மூடினாள்.